சம்சாரம் எடுத்தவள்

நான் கல்லூரியில் இலக்கியம் படிக்கச் சேர்ந்த ஆண்டில், பக்கத்து அறை அக்காவை அவள் கணவன் அடிக்கும் சத்தத்தின் நடுவில்தான் என் பாடங்களைப் படித்தேன். கொச்சியில் மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னால், ஒரு சுக்குக் கிடங்கின் முற்றத்தை ஒட்டி, ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட அறைகள் அவை. அறைகளைப் பிரித்த சுவர்கள் கூரையை எட்டவில்லை. ஆள் உயரத்துக்கு மேலே வெறும் இடைவெளி. ஆகவே தாளிப்பதும் இருமுவதும் அடிப்பதும் அங்கே எல்லோருக்கும் பொது. விழுவது கையா இடுப்பு வாரா என்பதை என் அம்மா ஓசையைக் கொண்டே சொல்லிவிடுவாள். மூட்டை இழுக்கும் இரும்புக் கொக்கியின் பிடியாக இருந்தால் எதுவும் சொல்லமாட்டாள். எழுந்து போய் அவர்கள் கதவைத் தட்டி, "தீப்பெட்டி இருக்கா?" என்று கேட்பாள்.

அவர்கள் இருவரும் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவன் கிடங்குகளில் சுமை ஏற்றி இறக்கினான். அவள் என் அம்மாவோடு முற்றத்தில் உட்கார்ந்து சுக்குப் பொறுக்கினாள். ஊரில் அவளுக்கு யாரும் மிச்சமில்லை. தேவராவில், ஒரு லாட்ஜின் சமையற்கட்டில் வேலை செய்யும் தமக்கை மட்டும் உண்டு. அங்கே போக ஒரு படகும் ஒரு பஸ்ஸும் போதும். அந்தத் தூரத்தை அவள் கடப்பாளா, அதற்கு முன் அவன் அவளைக் கொன்றுவிடுவானா என்பதுதான் எங்கள் வரிசையில் எல்லோர் மனத்திலும் இருந்த கேள்வி. யாரும் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. நாங்கள் வாய்விட்டுப் பேசியதெல்லாம் ஒரு நாவலைப் பற்றி.

அது ஒரு மலையாள வார இதழில் தொடராக வந்த மாந்திரீக நாவல். தெருமுனைச் சாயாக் கடையில் ஆண்கள் படித்து முடித்த பிறகு, கிளாஸ் அடி பதிந்த வட்டக் கறைகளோடு அந்த இதழ் எங்களிடம் வரும். பெண்களுக்குச் சந்தைக்குப் போதுமான மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. அவர்களில் பலருக்குத் தமிழும் வாசிக்க வராது. ஞாயிறு மத்தியானம், கிடங்கு பூட்டியிருக்கும்போது, மிச்சச் சுக்கை அவர்கள் பொறுக்க, நான் முற்றத்தில் உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் சொல்லுவேன். ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் சொல்லவேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு அப்போதே இருந்தது.

கதை இதுதான். ஒரு பழைய பெரிய வீட்டில், தாய்மாமனின் அதிகாரத்தில் வாழும் ஒரு பெண். அவன் அவளைத் தூணில் கட்டிவைத்துப் புளியவிளாறால் அடிக்கிறான். ஒருநாள் அடி விழுந்தது அவள் முதுகில், அலறியது மாமன். அவன் முதுகில் தோல் பிளந்திருந்தது. தன்னால் பிறரிடம் இருப்பதை எடுக்க முடியும், தன்னிடம் இருப்பதைப் பிறர்மீது போட முடியும் என்பதை அவள் அப்படித்தான் கண்டுபிடிக்கிறாள். அதன்பின் வாரம் ஒருவரிடமிருந்து ஒன்றாக எடுக்கிறாள். காவல்காரனிடமிருந்து பார்வை. கணக்குப்பிள்ளையிடமிருந்து உறக்கம்.

என் கருத்தை யாரும் கேட்கவில்லை என்றாலும் எனக்கு ஒன்று இருந்தது. அது மோசமாக எழுதப்பட்ட நாவல். பெயர்ச்சொல் ஒன்றுகூட அடைமொழி இல்லாமல் தனியே நடக்காது. அமாவாசை என்று எழுதிய பக்கத்திலேயே நிலவு காயும். முற்றத்தில் இருந்தவர்களுக்கு அதெல்லாம் ஒரு குறையாகப் படவில்லை. அவர்களுடைய குறைகள் வேறு.

"எடி, இந்தச் சக்தி எனக்குக் கெடச்சிருந்தா மொதல்ல வெறகுல உள்ள ஈரத்த எடுத்திருப்பேன்," என்றார் பெரியம்மா. வரிசையின் கடைசி அறையில் தனியாக இருந்த விதவை அவர். முறத்தில் புடைத்துக்கொண்டே பேசுவார். "மழ தொடங்கினா அடுப்பு பத்துதில்ல. இவ கணக்கப்பிள்ளைக்க ஒறக்கத்த எடுத்து என்னாக்கப் போறா?"

"அவன் அவளப் பத்தி மாமன்கிட்ட கோள் சொன்னவனாக்கும்," என்றாள் அம்மா.

"அப்ப நாக்க எடுக்கணும். ஒறக்கத்த எடுத்தா ராத்திரியும் முழிச்சிருந்து கோள் சொல்லுவான்."

அம்மாவுக்கு, அந்தப் பெண் காவல்காரனின் பார்வையை எடுத்தது பிடிக்கவில்லை. "அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கும்," என்றாள். சாயாக் கடையில் வேறு கட்சி. போதிய இரத்தமில்லை என்பது கடைக்கார சேட்டனின் விமரிசனம். கடைசியில் அந்தப் பெண்ணை யாராவது அடக்கினால்தான் கதை தேறும் என்பது அங்கே சாயா குடித்தவர்களின் பொது அபிப்பிராயம்.

பக்கத்து அறை அக்கா அபிப்பிராயம் சொன்னதில்லை. அவள் கேள்விதான் கேட்பாள். எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின், சுக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்பாள்.

"அந்தச் சக்தி அவளுக்கு எப்ப வந்திச்சு? அடி விழுறதுக்கு முன்னாலயா, விழுந்த பொறவா?"

நான் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, "விழும்போது," என்றேன்.

"விழும்போது அவ வாயில ஏதும் சொன்னாளா?"

"இல்ல. ஒண்ணும் சொன்னதா எழுதல."

அவள் தலையசைத்தாள். மற்றவர்கள் கதை கேட்டார்கள். இவள் செய்முறை கேட்டாள். ஓர் இதழில் வந்திருந்த படத்தை, தலைவிரித்து நிற்கும் அந்தப் பெண்ணின் கோட்டோவியத்தை, அக்கா கேட்டு வாங்கிப் போனாள். சோற்றுப் பசையால் அடுப்புக்கு மேலே ஒட்டி வைத்தாள்.

பிறகு மாமனின் முறை வந்தது. அந்த வாரம் அவள் மாமனின் பேச்சை எடுத்துவிடுகிறாள். அவன் காலையில் எழுந்து வேலைக்காரர்களை ஏசுவதற்கு வாயைத் திறக்கிறான். காற்று மட்டும் வருகிறது. மலையாளத்தில் பேச்சுக்குச் சம்சாரம் என்று பெயர். நான் முற்றத்தில் 'பேச்சு' என்றே சொன்னேன். யாருக்கும் குழப்பமில்லை. பெரியம்மா மட்டும், "நாக்கு வேணும்னு நான் சொன்னது எழுதுறவன் காதுல விழுந்துபோச்சு," என்றார்.

ஆனால் அக்காவின் கணவன் கதையை முற்றத்தில் கேட்கவில்லை. சாயாக் கடையில் கேட்டான். கிளாஸைக் கழுவிக்கொண்டே சேட்டன் இன்னொருவரிடம் சொன்னாராம்: "அவளு அயாள்டெ சம்சாரம் அங்ஙெடுத்து, எடோ." தமிழ்நாட்டிலிருந்து வந்து இரண்டு மழைக்காலம் மட்டுமே கண்டவனுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். அவள் அவனுடைய மனைவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவனுடைய ஊரில், தீராத பகை என்றால் மலையாளத்து மந்திரவாதியைத் தேடிப் போவார்கள். மலையாளத்தில் அச்சடித்த எதுவும் அவனுக்கு எழுத்தல்ல. மந்திரத் தகட்டில் கீறிய கோடு. அடிக்கிறவர்களின் வீட்டிலிருந்து மனைவியரைத் தூக்கிப் போகும் ஒருத்தியைப் பற்றி அந்தத் தெருவே பேசுகிறது. அவளுடைய படம் தன் வீட்டு அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கிறது.

அன்று சாயங்காலம் அவன் உள்ளே வந்து தாழ் போட்டது எங்களுக்குக் கேட்டது.

"ஏட்டி, அடிக்கவன் சம்சாரத்த எடுத்துட்டுப் போறவளாமே இவ. இவ கதையத்தான் வாராவாரம் போயிக் கேக்கியோ?"

"அது சம்சாரம் இல்ல," என்றாள் அக்கா. அவள் குரல் நடுங்கவில்லை. பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். "பேச்சு. மலையாளத்துல பேச்சுக்கு அப்படித்தான் சொல்லுவாவ."

"எனக்கே மலையாளம் படிச்சுத் தாரியோ?"

முதல் அடி கொக்கியின் பிடி. அம்மா எழுந்துவிட்டாள். அடுத்தது பாத்திரங்கள் சரியும் ஓசை. பிறகு சுவரிலிருந்து காகிதத்தைக் கிழிக்கும் ஓசை. "கதைதான வேணும். தின்னு. தின்னுட்டி." அதன்பின் அக்காவின் குரல் சொற்களாக வரவில்லை, அடைத்த குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. அம்மா தீப்பெட்டி கேட்டுக் கதவை உள்ளங்கையால் அறைந்தாள். பெரியம்மா முறத்தின் விளிம்பால் அறைந்தார். சாயாக் கடையிலிருந்து நான்கைந்து பேர் கிளாஸோடு எட்டிப் பார்த்தார்கள். குடும்ப விஷயம் என்று திரும்பி உட்கார்ந்தார்கள். எலும்பு முறியும் ஓசை சுள்ளி ஒடிவது போன்றிருக்கும் என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. ஈரமான ஓசை அது.

அவனே கதவைத் திறந்து, எங்களைத் தாண்டி வெளியே போனான். அக்கா அடுப்படியில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் வாய்க்குள் விரலை விட்டுக் காகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். பசையும் இரத்தமும் ஊறிய துண்டுகள். ஒரு துண்டில் பல் ஒன்று ஒட்டியிருந்தது. ஒன்றில், கோட்டோவியப் பெண்ணின் ஒரு கண்.

ஆஸ்பத்திரியில் அவன் கூடவே நின்று, வழுக்கி விழுந்தாள் என்று சொன்னான். தாடை எலும்பு முறிந்திருந்தது. மேல்வரிசைப் பற்களையும் கீழ்வரிசைப் பற்களையும் கம்பியால் சேர்த்துக் கட்டி அனுப்பினார்கள். கஞ்சித் தண்ணீரைப் பல் போன இடத்தின் வழியே உறிஞ்சிக் குடித்தாள். பேச முடியவில்லை.

அடுத்த ஞாயிறு வாசிக்கலாமா என்பதில் முற்றத்தில் தகராறு.

"வேண்டாம். அந்தப் புஸ்தகம்தான் புள்ளக்க தாடைய ஒடச்சுது," என்றார் பெரியம்மா.

"புஸ்தகமா கைய ஓங்கிச்சு?" என்றாள் அம்மா.

"ஓங்க வச்சது அதுதானே."

"அதுக்கு முன்னால ஓங்கினதெல்லாம் எந்தப் புஸ்தகம் படிச்சிட்டு?"

பெரியம்மா முறத்தை எடுத்துப் புடைக்கத் தொடங்கினார். அக்கா தன் வாசலில் வந்து நின்றாள். முகம் ஒருபக்கம் கறுத்து வீங்கி, காது இருக்குமிடம் தெரியாமல் இருந்தது. வலது கையால் காற்றில் பக்கம் புரட்டிக் காட்டினாள். வாசி.

அவன் அவளை அடிப்பதை நிறுத்தவில்லை; முகத்தை மட்டும் விட்டுவைத்தான். வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்ததும் கூரை ஓடுகளை அண்ணாந்து பார்ப்பான். ஒரு மூலையில் எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிட்டான். ஜன்னலுக்குக் குறுக்கே பலகை அறைந்தான். அந்த அறைக்குள் வெளிச்சம் போவது நின்றது. அவள் சாவது பயத்தாலா அடியாலா என்பதுதான் இனி மிச்சம் என்று அம்மா என்னிடம் ஒருமுறை சொன்னாள். அம்மா அப்படிப் பேசுகிறவள் அல்ல.

பிறகு ஒரு ஞாயிறு, அவனே முற்றத்துக்கு வந்தான். கிடங்கின் மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தான். கொக்கி தோளில் தொங்கியது.

"காலேஜுப் பொண்ணே, அந்தக் கதைய எனக்கு ஒருக்க வாசி. அவ எப்படி உள்ள வாரா, என்ன செஞ்சா வரமாட்டா, தெரிஞ்சுக்கிடணும்."

அந்த நாவலுக்கு அவனைப்போல் நம்பிக்கையுள்ள வாசகர் வேறு யாரும் கிடைத்திருக்கமாட்டார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அவன் முதுகுக்குப் பின்னால், அக்காவின் வாசலில் நின்றிருந்தாள்.

"வாசி மோளே. அண்ணாச்சிக்கு மனசிலாகிற மாதிரி மெதுவா வாசி," என்றாள். பிறகு அவனிடம்: "புள்ளய நான் பொறத்தால கக்கூஸுக்குக் கூட்டிட்டுப் போறேன். அதுக்குத் தனியா நடக்க வய்யா."

அவன் தலையை மட்டும் அசைத்தான். வரிசைக்குப் பின்னாலிருந்த பொதுக் கழிப்பிடத்துக்கு ஆண்கள் பெண்களோடு போவதில்லை. அதன் பக்கத்திலிருந்து ஒரு சந்து படகுத்துறைப் பக்கம் போகிறது.

நான் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கினேன். அதுவரை நான் வெறுத்த அடைமொழி ஒவ்வொன்றையும் விடாமல் தமிழாக்கினேன். வெண்ணிற, குளிர்ந்த, பாற்கடல் போன்ற நிலவு. பெரியம்மா முறத்தைக் கீழே வைக்காமல் ஒத்தாசை செய்தார்.

"அந்த நெலாவ ஒண்ணூடி வாசி. நல்லாருக்கு."

"நெலா கெடக்கட்டும், கெழவி," என்றான் அவன். "அவ எந்த வழியா வீட்டுக்குள்ள வாரா?"

"வெளியேருந்து வரல," என்றேன். "அந்த வீட்டுப் பொண்ணுதான். முதல்லேருந்தே உள்ளதான் இருந்தா."

அவன் பெட்டியை முன்னால் இழுத்துப் போட்டான். "உள்ளயே இருந்தாளா?"

"இருந்தா."

"பெறவு?"

மாமனின் அத்தியாயத்துக்கு வந்தேன். இதுவரை எல்லாவற்றையும் தமிழில் சொன்னவள், அந்த இடத்தில் அச்சில் இருந்ததை இருந்தபடியே வாசித்தேன். "அயாளுடெ சம்சாரம் அவள் எடுத்து. இனி அது திரிச்சு வரில்ல." 'இனி அது திரும்பி வராது' என்பதில் அது என்ற சுட்டு அஃறிணை, கவனிக்கிறவனாக இருந்தால் அங்கே அவனுக்குப் பொருள் பிடிபட்டிருக்கும். ஆனால் அவன் ஒருநாளும் அக்காவை 'அவள்' என்று குறிப்பிட்டதில்லை. 'அது சோறாக்குது', 'அது ஆஸ்பத்திரியில கெடக்கு' என்பதுதான் அவன் வழக்கம்.

"இன்னொருக்கப் படி."

படித்தேன்.

"அப்படியேதான் போட்டிருக்கா?"

"ஒரு எழுத்துக்கூட மாத்தல."

பெரியம்மாவின் முறம் நின்றுவிட்டது. துறையில் படகின் மணி அடித்தது. அவன் எழுந்து தன் அறைக்குள் போனான். எதையோ புரட்டித் தள்ளினான். திரும்பி வந்து, என் தலைமயிரைப் பிடித்து நிமிர்த்தி, திறந்த கையால் இடது காதோடு சேர்த்து அறைந்தான். நான் சுக்குக் குவியலின்மேல் விழுந்தேன். இரண்டாவது முறை அறைந்தபோது அவன் வாய் அசைவது தெரிந்தது; ஓசை கேட்கவில்லை. பெரியம்மா முறத்தால் அவன் முகத்தில் அடித்தார். சுக்குத் தூசி கண்ணில் பட்டு அவன் என்னை விட்டான். அந்தக் காதில் இன்றும் சில நாட்கள் இரைச்சல் இருக்கிறது.

ஆனால் அவன் துறைக்கு ஓடவில்லை. வானத்தைப் பார்த்தான். ஓடுகளை, கிடங்கின் கூரை முகட்டை, அதற்கும் மேலே பார்த்தான். அவள் எந்த வழியாகப் போயிருப்பாள் என்பதில் அவனுக்கு ஐயமே இல்லை. பிறகு கொக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு சாயாக் கடைக்குப் போனான். இந்த வார்த்தையை முதலில் தன் காதில் போட்டவர் சேட்டன்தான் என்பது அவனுக்கு நினைவு வந்திருக்கவேண்டும். பலகாரம் வைக்கும் கண்ணாடி அலமாரியைக் கொக்கியால் ஒரே வீச்சில் உடைத்தான். பழம்பொரியும் கண்ணாடியும் தெருவரை சிதறின.

கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள். அக்காவின் தாடை உடைந்த சாயங்காலம் கிளாஸோடு எட்டிப் பார்த்த அதே முகங்கள். அவனைத் தெருவில் கிடத்தி மிதித்தார்கள். அவன் கொக்கியாலேயே அவன் கையில் போட்டார்கள். முதுகில், விலாவில், முழங்காலில். ஒருவர் களைத்தால் இன்னொருவர். "தமிழன் வந்து அலமாரி பொளிக்குந்நோ," என்று யாரோ மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னது என் நல்ல காதில் விழுந்தது. அவன் விழுந்து கிடந்து, "என் சம்சாரத்த எடுத்துட்டா, என் சம்சாரத்த எடுத்துட்டா," என்று கத்தினான். அவன் ஏதோ பேச்சைப் பற்றிக் கத்துவதாக நினைத்து, 'சம்சாரம் மதி', பேசியது போதும், என்று சேட்டன் அவன் வாயில் மிதித்தார்.

நான் வாசலில் நின்று பார்த்தேன். எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. ஒரு பெண்ணின் தாடையைவிட ஒரு கண்ணாடி அலமாரிக்கு இந்தத் தெருவில் சொந்தக்காரர்கள் அதிகம் என்று மட்டும் தோன்றியது.

அம்மா மாலையில் தனியாகத் திரும்பினாள். என் காதைப் பார்த்துவிட்டு, உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். "தேவராவுல சேச்சிகிட்ட சேர்த்தாச்சு," என்றாள். அவ்வளவுதான்.

அவன் நடமாடத் தொடங்கியதும் ஒருமுறை தேவராவுக்குப் போனான். லாட்ஜின் பின்வாசலில் தமக்கை தேங்காய் வெட்டும் அரிவாளோடு வந்து நின்று, "என் தங்கச்சிய என்ன செஞ்ச? எங்க அவ?" என்று அவனையே கேட்டாளாம். அவன் உள்ளே நுழைந்து தேடவில்லை. அவனுக்கு விடை முன்பே தெரியும். மழை முடிவதற்குள் ஊருக்கே திரும்பிப் போய்விட்டான்.

தொடர் முடிந்த பிறகு நான் தேவராவுக்குப் போனேன். கம்பியை எடுத்துவிட்டிருந்தார்கள். தாடை ஒருபக்கம் கோணிப்போய், 'ச' வரும் இடத்திலெல்லாம் அக்காவுக்குக் காற்று வந்தது. பெரிய உருளியில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கிளறிக்கொண்டே, கதை எப்படி முடிந்தது என்று கேட்டாள். சொன்னேன். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகிறது. தாலி ஏறியதும் சக்தி போய்விடுகிறது. தமக்கை வெங்காயம் அரிவதை நிறுத்தி, "இதுக்கா எழுதினான்?" என்றாள். அக்கா அதைப் பொருட்படுத்தவில்லை.

"அவ்வளோ பெரிய வீட்டுல அவளத் தவிர வேற பொம்பளையே இல்லியா?" என்று கேட்டாள்.

நான் யோசித்தேன். "சமையக்காரி ஒருத்தி வர்றா. தூணுல கட்டி அடிக்கிற இடத்துல."

"அவ என்ன செய்தா?"

"அழுதான்னு போட்டிருக்கு."

அக்கா கரண்டியை உருளியின் விளிம்பில் தட்டி வைத்தாள். எரிகிற விறகை வெளியே இழுத்துத் தணித்தாள். அவ்வளவு நாளும் கதை கேட்டவள், முதல் தடவையாக ஓர் அபிப்பிராயம் சொன்னாள்.

"எழுதினவன் சமையக்கட்டுப் பக்கமே போனது கெடையாது," என்றாள்.